புயலுக்குப் பெயர் வைத்த மறுநாள் எனக்கு இன்சூரன்ஸ் விற்றார்கள்

கரீபியன் பக்கம் க்ரூஸ் போகப் பணம் கட்டியிருப்பவர்கள், கட்டப் போகிறவர்கள், குறிப்பாக ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கப்பலில் அழைத்துப் போக ஆசைப்படுகிறவர்கள் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது 2024 ஜூன் கடைசியில். ஏஜென்டின் பெயரை எழுதவில்லை. நம் ஊர்க்காரர், இங்கே பல தமிழ்க் குடும்பங்களுக்கு டிக்கெட் போட்டுத் தருகிறவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாங்கள் இருப்பது அட்லாண்டாவில். அப்பா அம்மா நாகப்பட்டினத்திலிருந்து ஏப்ரலில் வருவதாக முடிவானதும் பிப்ரவரியிலேயே ஏற்பாட்டைத் தொடங்கினேன். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. கடற்கரையிலேயே வளர்ந்தவர், ஆனால் ஒரு பெரிய கப்பலில் ஏறியதில்லை. மியாமியிலிருந்து ஜூன் 30 ஞாயிறு கிளம்பும் ஏழு இரவுப் பயணம்: ஜமைக்காவில் ஓச்சோ ரியோஸ், அப்புறம் கிராண்ட் கேமன், அப்புறம் மெக்சிகோவின் கோசுமெல். ஆறு பேருக்கு 6,900 டாலர். இதைக் கிரெடிட் கார்டில் நேரடியாகக் கப்பல் கம்பெனிக்கே கட்டினோம். இறங்கிச் சுற்றிப் பார்க்கும் டூர்களைக் கப்பலிலேயே வாங்கினால் விலை அதிகம், வெளியில் போட்டுத் தருகிறேன் என்றார் ஏஜென்ட். மூன்று ஊருக்கும் சேர்த்து 840 டாலர். அதை அவருக்கு ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்ற வசதியில் அனுப்பினேன். நான் செய்த முதல் தவறு அதுதான்.

பிப்ரவரியில் நானே அவரிடம் கேட்டேன், இன்சூரன்ஸ் வேண்டாமா என்று. "அக்கா, ஹரிக்கேன் எல்லாம் செப்டம்பர்லதான். ஜூன்ல எதுக்கு வீண் செலவு? அப்படியே போர்ட் மாறினாலும் பணம் திரும்ப வந்துடும்" என்றார். அதில் பாதி உண்மை. அட்லாண்டிக்கில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை, ஜூனில் பெரிய புயல் அபூர்வம். ஆனால் அந்த ஆண்டு கடல் வழக்கத்தை மீறிச் சூடாக இருந்தது. பெயர் வைக்கும் அளவுக்கு 17 முதல் 25 புயல் வரலாம் என்று மே மாதமே அமெரிக்க அரசின் நோவா அமைப்பு சொல்லிவிட்டது. மே மாதக் கணிப்பில் அவர்கள் அதுவரை சொன்னதிலேயே அதிகமான எண்ணிக்கை அது. அந்தச் செய்தியை நான் பார்த்தேன். நமக்கென்ன என்று கடந்து போய்விட்டேன்.

ஜூன் 29 சனிக்கிழமை. சாயங்காலம் மியாமிக்கு விமானம். வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மணிக்கு அவரே அழைத்தார். "அக்கா, ஒரு இன்சூரன்ஸ் போட்டுடலாம், ஆளுக்கு 69 டாலர்தான், பெரியவங்க வர்றாங்க இல்ல, சேஃப்டிக்கு" என்றார். பெரியவர்கள் என்றதும் நான் யோசிக்கவில்லை. ஆறு பேருக்கு 414 டாலர். அவர் அனுப்பிய லிங்க்கில் கட்டினேன். பாலிசியில் பதிவான நேரம் பகல் 11.42.

பெரில் புயலுக்குப் பெயர் வைத்தது அதற்கு முந்தைய நாள், ஜூன் 28 வெள்ளிக்கிழமை இரவு. அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே மியாமியில் இருக்கும் தேசியச் சூறாவளி மையம் அந்த மேகக்கூட்டத்தைத் தன் வரைபடத்தில் குறித்து வைத்திருந்தது. பெயர் வைத்த நொடியிலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அது "தெரிந்த ஆபத்து". அதற்குப் பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலால் வரும் எந்த நஷ்டத்துக்கும் பணம் தராது. ஏறக்குறைய எல்லாக் கம்பெனியிலும் இதே விதிதான். தினமும் இதையே விற்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. பாலிசி விற்றால் கமிஷன் உண்டு. எனக்குத் தெரியாததால் 414 டாலர் போனது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மியாமி ஓட்டலில் இருக்கும்போது கப்பல் கம்பெனியின் செயலியில் செய்தி வந்தது. ஜமைக்கா இல்லை, கேமன் இல்லை, கோசுமெல் இல்லை. பதிலாக பஹாமாஸின் நசாவு, டொமினிகன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டா, புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாம் நம்பர் கூண்டும்மா ஏத்தியிருக்காங்க?" நாகையில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பார்த்தே வாழ்ந்தவர், 2018இல் கஜா கரையேறிய இரவை வீட்டுக்குள் உட்கார்ந்து கழித்தவர். இங்கே கூண்டு கிடையாது, புயல் போகக்கூடிய பாதையை வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கூம்பாக வரைவார்கள் என்று போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப கேப்டன் செய்யறது சரிதான்" என்றார்.

எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஜூலை 1 அன்று பெரில் கரியாக்கு தீவை நாசமாக்கியது. அன்று இரவே புயல்களில் உச்சமான ஐந்தாம் வகையைத் தொட்டது. அட்லாண்டிக்கில் ஒரு வருடத்தில் இவ்வளவு சீக்கிரமாக எந்தப் புயலும் அந்த அளவுக்குப் போனதில்லை. 3ஆம் தேதி ஜமைக்காவின் தென்கரையை உரசிக்கொண்டு போனது, 5ஆம் தேதி மெக்சிகோவில் துலும் அருகே கரையேறியது. நாங்கள் போக வேண்டிய பாதை அப்படியே. 2015இல் எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் வாக்கின் சூறாவளிக்குள் போய் பஹாமாஸ் பக்கத்தில் 33 பேரோடு மூழ்கியது. கப்பலைத் திருப்பியதற்காக நான் யார்மேலும் கோபப்பட மாட்டேன்.

டெர்மினலில் வரிசையில் நிற்கும்போதே ஏஜென்டுக்கு போன் செய்தேன். "நசாவு இன்னும் சூப்பரா இருக்கும் அக்கா. டூர் காசு, இன்சூரன்ஸ் எல்லாம் வந்ததும் பாத்துக்கலாம், என்ஜாய் பண்ணுங்க" என்றார். பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நசாவு பார்த்தோம். புவெர்ட்டோ பிளாட்டாவில் காற்று அதிகம் என்று கப்பலைக் கரையில் கட்டவே இல்லை. சான் ஹுவான் கோட்டையில் அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை, ஆனால் அப்பா மூன்று மணி நேரம் சுற்றினார். தினமும் விடியற்காலையில் மேல்தளத்தில் போய் நின்றுகொள்வார். அதற்காகவாவது போனோமே என்று இருக்கிறது.

திரும்பி வந்தபின் பணத்தைக் கேட்கத் தொடங்கினோம்.

கப்பல் கம்பெனி தந்தது ஆறு பேருக்கும் சேர்த்து 138 டாலர். போகாத துறைமுகங்களின் வரியில் உள்ள வித்தியாசம் அது. டிக்கெட் வாங்கும்போது "ஏற்கிறேன்" என்று ஒரு கட்டத்தைத் தட்டுகிறோமே, அந்த ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: எந்தத் துறைமுகத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், விடலாம், அதற்கு ஈடு கிடையாது. நான் அன்றுதான் அதைப் படித்தேன். பாதை மாறியது பிடிக்காமல் நாமே கடைசி நிமிடத்தில் ரத்து செய்தாலும் கட்டிய பணம் போனதுதான். "போர்ட் மாறினா பணம் வரும்" என்று பிப்ரவரியில் அவர் சொன்னது முழுப் பொய்.

இன்சூரன்ஸில், விட்டுப்போன ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு சிறு தொகை தருவார்கள் என்று பாலிசியில் இருந்தது. விண்ணப்பித்தேன். இந்தப் புயலுக்குப் பாலிசி வாங்கும் முன்பே பெயரிடப்பட்டுவிட்டது என்று ஒற்றை வரியில் மறுத்துவிட்டார்கள். கட்டிய பிரீமியத்தையாவது கேட்டேன். பிடிக்கவில்லை என்றால் பத்துப் பதினைந்து நாளுக்குள் பாலிசியைத் திருப்பித் தரலாம், ஆனால் பயணம் தொடங்கிவிட்டால் அந்த உரிமை கிடையாதாம். எனக்கு விற்றது பயணத்துக்கு முந்தைய நாள். நான் யோசிக்க அவகாசமே இல்லாத நேரத்தில்தான் அது என் கைக்கு வந்தது.

இனி டூர் காசு. இதுதான் என்னை எழுத வைத்தது. "ஆக்ட் ஆஃப் காட் அக்கா, அவங்க ரிஃபண்ட் தர மாட்டேங்கிறாங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். புயலால் வந்தது, யாரை நோவது என்று நானும் விட்டுவிட இருந்தேன். என் கணவர்தான் ஏதோ தோன்றி, புக்கிங் சீட்டில் இருந்த முகவரிகளுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினார். கேமனில் திருக்கை மீன்களைக் காட்டும் படகுக்காரர்கள் மறுநாளே பதில் போட்டார்கள்: உங்கள் கப்பல் வராததால் முழுப் பணத்தையும் ஜூலை 5 அன்றே, கட்டியவரின் கார்டுக்குத் திருப்பிவிட்டோம். ஓச்சோ ரியோஸில் டன்ஸ் ரிவர் அருவிக்கு வண்டி வைத்திருப்பவரும் அதையே எழுதினார், கூடவே புயலில் தங்கள் பக்கம் சேதம் குறைவு, அடுத்த முறை அவசியம் வாருங்கள் என்று இரண்டு வரி. புயல் அடித்த தீவில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் பணத்தை ஒழுங்காகத் திருப்பித் தந்திருக்கிறார். அதை இங்கே அட்லாண்டாவில் நம் ஆள் தன் பையில் போட்டுக்கொண்டார். கோசுமெல்காரரிடமிருந்து பதில் வரவில்லை.

அந்த இரண்டு மின்னஞ்சலையும் ஏஜென்டுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து கேமன் பணம் 330 டாலர் மட்டும் வந்தது, "கணக்குல மிஸ் ஆயிடுச்சு" என்ற குறிப்போடு. ஜமைக்காவின் 290 இன்றுவரை வரவில்லை, போனும் எடுப்பதில்லை. கார்டில் கட்டியிருந்தால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் வங்கியில் முறையிட்டிருக்கலாம். ஸெல்லில் நாமே விரும்பி அனுப்பிய பணம் கையில் கொடுத்த ரொக்கம் மாதிரி. வங்கி கைவிரித்துவிட்டது. பாலிசி விற்ற விதம் பற்றி மாநில இன்சூரன்ஸ் ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். நம் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன், பத்து நிமிடத்தில் அட்மின் நீக்கிவிட்டார், என்னையும் சேர்த்து.

இதே ஏஜென்டிடம் வாங்கிய இன்னொரு குடும்பத்தின் கதை எங்களுடையதைவிட மோசம். அவர்களுடையது மெக்சிகோவுக்கு மட்டும் போய் வரும் ஐந்து நாள் கப்பல். கணவர் எச்1பி வேலை விசாவில் இருப்பவர், பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதி, நாட்டில் தங்க அனுமதிக்கும் ஐ-94 பதிவு மட்டும் செல்லும். மெக்சிகோவோ கனடாவோ போய் 30 நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையோடு உள்ளே வரலாம் என்று ஒரு விதி உண்டு, அதை நம்பித்தான் போட்டார்கள். கப்பலை பஹாமாஸுக்குத் திருப்பினார்கள். தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்கள் போன்றவர்களுக்கு மட்டும்தான். எச்1பிக்குக் கிடையாது. நல்ல வேளை, அவர் மனைவி கிளம்பும் முன் வக்கீலிடம் கேட்டார். கேட்காமல் ஏறியிருந்தால் திரும்பி வரும்போது செல்லுபடியாகும் விசா இல்லாமல் குடியேற்ற அதிகாரி முன் நின்றிருப்பார்கள். கப்பல் ஏறவில்லை, பணம் முழுதும் போனது. முத்திரை காலாவதியான யாரும் புயல் பருவத்தில் கப்பல் ஏறாதீர்கள். சீட்டில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று, இது ஏமாற்று இல்லை, ஆனால் எனக்குப் பயமாக இருந்தது. அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எட்டு நாளுக்குத்தான் எடுத்துப் போயிருந்தேன். 2017இல் ஹார்வி சூறாவளி வந்தபோது டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்தை மூடிவிட்டதால் பயணிகளோடு கப்பல்கள் கடலிலேயே காத்திருந்தன, சில நியூ ஆர்லியன்ஸ் போய் நின்றன. ஒரு வாரத்துக்கு மேலதிகமாக மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் கைப்பையில்.

இன்சூரன்ஸ் வாங்குவதென்றால் முன்பணம் கட்டிய அதே வாரம் வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்துகொள்ளலாம் என்ற வகைப் பாலிசி அப்போதுதான் கிடைக்கும். அதிலும் பாதி முதல் முக்கால் பங்குவரைதான் திரும்ப வரும். டூர்களைக் கப்பல் வழியாகவே போட்டால் விலை கூடுதல்தான், ஆனால் கப்பல் அந்த ஊரில் நிற்காவிட்டால் பணம் தானாகத் திரும்பிவிடும். வெளியில் போடுவதானால் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் போடுங்கள்.

நேற்று ஒரு தோழி அந்தக் குழுவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். அதே ஏஜென்ட், அக்டோபர் விடுமுறைக்கு மேற்குக் கரீபியன், "கவலை வேண்டாம், முழு ரிஃபண்ட் கேரண்டி" என்று விளம்பரம். கீழே ஆறு பேர் விவரம் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களிடம் இன்று போனில் பேசிவிட்டேன். மற்ற நான்கு பேருக்கும் இது போய்ச் சேர வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.