கோத்தகிரி ஈரத்தில் ஜன்னல் பிளைண்ட்ஸ்: ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு

போன செப்டம்பரில் வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலைக்குப் பதிலாக ஏற்றி இறக்குகிற பிளைண்ட்ஸ் போட்டோம். மாட்டின மறுநாளே எழுதியிருந்தால் அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டிருப்பேன். சோம்பேறித்தனமாக விட்டுவிட்டதும் நல்லதாகப் போயிற்று. ஐப்பசி, கார்த்திகை தாண்டிவிட்டது, இப்போது கேட்டால் மூன்றுதான்.

எங்களுடையது கோத்தகிரியில் பழைய வீடு, ஒன்றரை அடி கனத்தில் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டின சுவர், ஜன்னல் எல்லாம் கிழக்கே பார்த்தவை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஆனி ஆடியில் கொட்டும். எங்களுக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அது நேராக வந்து இந்த ஜன்னல்களில்தான் அறையும். இதை கோவைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்லியும் அவர் வெயிலை விட்டு நகரவே இல்லை. "வெயில் துளி வராதுங்க" என்று நாலு தடவை சொன்னார். இங்கே வெயில் வந்தால் நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அதில் உட்காருகிற ஆட்கள்.

ஹாலுக்கு கோடு கோடாக இரண்டு அடுக்குத் துணி வைத்த ஜீப்ரா, இரண்டு படுக்கையறைக்கும் வெளிச்சம் விடாத பிளாக்அவுட் துணியில் சுருட்டி ஏற்றுகிற ரோலர், சமையலறைக்கு 25 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை வைத்த வெனீஷியன். மாட்டுக்கூலி, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்து 12,650 ரூபாய். சதுர அடிக் கணக்கு என்பதால் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: என் சமையலறை ஜன்னல் மூன்றுக்கு இரண்டு, ஆறு சதுர அடிதான், ஆனால் "மினிமம் பத்துங்க" என்று பத்துக்குப் போட்டார்கள். பில் கைக்கு வரும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

மாட்ட வந்த தம்பி தங்கமான பையன். வண்டி வெளியூர் நம்பர், குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் நீலகிரிக்குள் வர இ-பாஸ் கேட்டிருக்கிறார்கள், கடையில் யாரும் அவனிடம் சொல்லி அனுப்பவில்லை, அங்கேயே நின்று போனில் எடுத்துக்கொண்டு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. கீழேயிருந்து ஆள் வரவழைப்பவர்கள் முந்தின நாளே ஞாபகப்படுத்திவிடுங்கள்.

இப்போது என் தப்பு. அளவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், நானும் இரண்டு அறை ஜன்னலிலும் மேல் பக்கம் மட்டும் டேப் பிடித்து 48 அங்குலம் என்று அனுப்பிவிட்டேன். பழைய வீட்டில் எந்த ஜன்னல் சதுரமாக இருக்கிறது? முதல் அறையில் எப்படியோ பொருந்திவிட்டது, தம்பி மரச்சட்டத்திலேயே பிராக்கெட்டை முடுக்கி இருபது நிமிஷத்தில் முடித்தான். இரண்டாவது அறையில் மேலே 48, நடுவில் 47 அரை, கீழே 47 கால். பிளைண்ட் உள்ளேயே போகவில்லை. மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் அளந்து அதில் சின்னதைத்தான் கொடுக்க வேண்டுமாம். "வெளியில சுவத்துல மாட்டிக்கலாங்கக்கா" என்று டிரில்லை எடுத்தான். போட்ட ஓட்டையிலிருந்து சுண்ணாம்புத் தூள் கொட்டிக்கொண்டே இருந்தது, பிளாஸ்டிக் பிளக்கை வைத்து ஸ்குரூவை முடுக்கினால் பிளக்கே சேர்ந்து சுற்றுகிறது. கடைசியில் பக்கத்துத் தெரு ஆசாரியைக் கூப்பிட்டோம். அவர் பழைய தேக்குத் துண்டில் விரல் நீளத்துக்கு ஆப்பு செதுக்கி, ஓட்டையில் அடித்து இறக்கி, அதில் ஸ்குரூவைப் போட்டார். இன்றுவரை அசையவில்லை.

இரண்டும் ஒரே கடை, ஒரே துணி, ஒரே நாள். கார்த்திகை முடியும்போது பார்த்தால், அழகாகப் பொருந்திய முதல் அறை பிளைண்டின் அடிப்பக்கம் அரை அடிக்குக் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூசணம். தகராறு பண்ணின இரண்டாவதில் ஒரு புள்ளிகூட இல்லை.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. ராத்திரி அறைக்குள் நாலு பேர் விடும் மூச்சிலேயே ஈரம் இருக்கிறது. பிளைண்டை இறக்கிவிட்டால் அறையின் சூடு கண்ணாடிக்குப் போய்ச் சேராது, கண்ணாடி இன்னும் ஜில்லிட்டு, ஓரத்தில் நுழைகிற ஈரமெல்லாம் அதில்தான் தண்ணீராகப் படியும். சட்டத்தில் மாட்டினதில் துணிக்கும் கண்ணாடிக்கும் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை. காலையில் துணி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும், நான் அப்படியே சர்ரென்று சுருட்டி மேலே ஏற்றிவிடுவேன், ஈரத்தோடு நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கும். பூசணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சுவரில் மாட்டின இரண்டாவது கண்ணாடியைத் தொடாமல் தள்ளி நிற்கிறது, அதனால்தான் தப்பித்தது.

கடையில் கேட்டதற்கு பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கச் சொன்னார்கள். நல்லவேளை ஓரத்தில் மட்டும் வைத்துப் பார்த்தேன். நிறம் போய், பின்பக்கப் பூச்சும் உரிந்து வந்தது. அப்புறம் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்ததில் புள்ளிகள் மங்கின, முழுசாகப் போகவில்லை. இப்போது ராத்திரி அடியில் இரண்டங்குலம் திறந்தே விடுகிறேன், காலையில் கண்ணாடியைத் துடைத்து, துணி காய்ந்த பிறகுதான் சுருட்டுகிறேன்.

இரண்டாவதிலும் குறை உண்டு. ஜன்னலை விடப் பிளைண்ட் கொஞ்சம்தான் அகலம் என்பதால் விடிந்ததும் பக்கவாட்டில் கோடாக வெளிச்சம் விழும். சுவரில் மாட்டுவதென்றால் ஒரு பக்கத்துக்கு மூன்று அங்குலமாவது அதிகம் வைத்துச் சொல்லுங்கள். பிளைண்ட் போட்டால் குளிர் குறையும் என்பார்கள், அதை நம்பி கம்பளியை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

ஹால் ஜீப்ரா பார்க்க அழகு, இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவில் செத்த பூச்சி, அவ்வளவுதான். சமையலறை வெனீஷியனைத்தான் மனதார சிபாரிசு செய்வேன். தாளிப்புப் புகை எண்ணெயாகப் படிகிறது, ஆனால் பனியன் துணியை சோப்புத் தண்ணீரில் பிழிந்து, பட்டை பட்டையாக இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து இழுத்தால் போய்விடும். பட்டையை லேசாகச் சாய்த்தால் விளக்கு வெளிச்சத்தில் தேயிலைக்குள் நிற்கும் காட்டெருமையை நாம் பார்க்கலாம், அது நம்மைப் பார்க்காது. மாமியாருக்கு ராத்திரி சீரியல் முடிந்ததும் இதுதான் பொழுதுபோக்கு.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ஒன்று. ரோலரை ஏற்றி இறக்குகிற மணிச்சங்கிலி வளையமாகத் தொங்கும், கழுத்தில் மாட்டினால் ஆபத்து. அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கிற கிளிப் கவருக்குள்ளேயே கிடந்தது, தம்பி மாட்டாமல் போயிருந்தான், நானாகக் கண்டுபிடித்தேன். அதற்கு முன்பே என் மகன் இழுத்ததில் சங்கிலி இரண்டாக வந்துவிட்டது. உடைந்துவிட்டது என்று கோபமாகப் படம் எடுத்து அனுப்பினால், "ஒடையலைங்கக்கா, பாரம் விழுந்தா கழண்டுக்கிற ஜாயின்ட்டுங்க, அமுக்கினா மாட்டிக்கும்" என்று பதில். அமுக்கினேன், மாட்டிக்கொண்டது.

முதல் அறைக்கு 54 அங்குலத்தில் புதுசு சொல்லியாகிவிட்டது, இந்த முறை சுவரில். ஆசாரி நாலு ஆப்பு செதுக்கி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.