விசா ஃபைல்: நாமே போடலாமா, ஆலோசகரா, வக்கீலா?

இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் விசாவின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். "ஸ்டூடன்ட் விசாதான், இதுக்குப் போய் வக்கீலா?" என்பார்கள். நான் பதிலுக்குக் கேட்பது வேறு: இதுவரை எந்த நாடாவது உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா? யாரிடம் போவது என்பதை விசாவின் வகையைவிட அந்தப் பதில்தான் அதிகம் முடிவு செய்கிறது.

மறுப்பு எதுவும் இல்லை, பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியும், போவது சுற்றுலாவுக்கோ படிக்கவோதான் என்றால் நீங்களே போடலாம். படிவங்கள் சாதாரண ஆட்கள் நிரப்பத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. வி.எஃப்.எஸ். மாதிரி மையங்கள் காகிதத்தையும் கைரேகையையும் வாங்கி அனுப்புவதோடு சரி. முடிவு அந்நாட்டு அதிகாரியின் கையில். "இது போதும்னு கவுன்டர்ல சொன்னாங்க" என்பது எங்கும் செல்லாது.

தானே போடுவதில் ஒரே ஆபத்து, நமக்குத் தெரிந்ததெல்லாம் அதிகாரிக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வது. விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வங்கிக் கணக்கில் பெரிய தொகை ஒன்று விழுந்திருக்கும். நமக்கு அது அப்பா நிலம் விற்ற பணம். அதிகாரிக்கோ, கணக்குக் காட்டுவதற்காக யாரோ போட்டுக் கொடுத்த பணம். பத்திர நகலும் நாலு வரி விளக்கமும் இணைத்தால் முடிகிற விஷயம்தான்.

ஆலோசகர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள்: உரிமம் உள்ளவர்கள், இல்லாதவர்கள். கனடாவில் வக்கீல் அல்லாத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். அதைத் தருவது 2021 நவம்பரில் செயல்படத் தொடங்கிய ஆலோசகர் கல்லூரி. பெயர்தான் கல்லூரி, உண்மையில் ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. பிரிட்டனில் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி, 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்றிருந்ததுதான். அங்கே மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலைக்காரர் எளிய விண்ணப்பங்களைத்தான் தொடலாம். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஏஜென்டுக்கு 7 இலக்க எண் இருக்கும். மூன்று நாட்டுப் பட்டியல்களையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். பெயரைத் தட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகுமா? அதைச் செய்யாமல்தான் லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்த நடு வழி கிடையாது. அங்கே குடிவரவு ஆலோசனை சொல்ல வக்கீலாக இருக்க வேண்டும், அல்லது அரசின் நீதித் துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) தரும் அங்கீகாரத்தோடு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். 'நோட்டாரியோ' என்று பலகை மாட்டியவர்களிடம் லத்தீன் அமெரிக்க மக்கள் ஏமாறுவது அங்கே பழைய கதை. அவர்கள் ஊரில் அந்தச் சொல் சட்டம் படித்தவரைக் குறிக்கும், அமெரிக்காவில் நோட்டரி என்பவர் முத்திரை குத்துபவர் மட்டும்.

தெரிந்த ஒருவரின் கனடா விண்ணப்ப நகலை ஒருமுறை பார்க்க நேர்ந்தது. மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் அவரே அதை முதன்முதலாகப் பார்க்கிறார். எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று இருந்தது. உண்மையில் மூன்று வருடம் முன்பு வேறொரு நாடு மறுத்திருந்தது. ஏஜென்ட் சொன்ன சமாதானம்: "அது வேற நாடு, இவங்களுக்கு எப்படித் தெரியும்?" கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. தெரியாமல் எப்படி இருக்கும்? அப்புறம் இன்னொன்று. இணைய விண்ணப்பக் கணக்கில் கொடுத்திருந்த மின்னஞ்சல் ஏஜென்ட் தானே உருவாக்கியது. விளக்கம் கேட்டுக் குடிவரவுத் துறை அனுப்பிய கடிதம் அங்கே திறக்கப்படாமலே கிடந்தது. பிரதிநிதி யார் என்று சொல்லும் ஐ.எம்.எம். 5476 படிவமும் ஃபைலில் இல்லை. ஆக, துறையைப் பொறுத்தவரை ஏஜென்ட் என்று ஒருவர் இருக்கவே இல்லை. எல்லா வரியும் இவர் எழுதியது, தண்டனையும் இவருக்கே: 5 வருடத் தடை. இப்படி நிழலில் நிற்பவர்களுக்கு அங்கே 'கோஸ்ட் கன்சல்டன்ட்' என்றே பெயர்.

மற்ற நாடுகளிலும் பொய்க்குத் தண்டனை லேசாக இல்லை. பிரிட்டனில் 10 வருடம் வரை போகும். அமெரிக்காவில் விலக்கு கிடைத்தால் தவிர ஆயுளுக்கும் தடை.

அதனால் உரிமம் உள்ள ஆலோசகரே ஆனாலும் இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அனுப்பும் முன் முழுப் படிவமும் என் கண்ணில் பட வேண்டும். துறையிலிருந்து வரும் கடிதம் எனக்கும் வர வேண்டும். 'கியாரண்டி' என்ற சொல் வாயில் வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம்.

சரி, வக்கீல் எப்போது? பழைய மறுப்பு, குற்ற வழக்கு, விசா முடிந்தும் தங்கியது, பொய் சொன்னதாகக் குற்றச்சாட்டு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே வக்கீல்தான். நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தால் வேறு பேச்சே இல்லை. கனடாவில் மறுப்பை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக, கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவென்றால் 60 நாள் கெடு, கனடாவுக்குள் எடுத்ததென்றால் 15 நாள். ஆலோசகரால் அங்கே உங்களுக்காக நிற்க முடியாது. இதைத் தெரியாமல் ஆலோசகரிடமே 'திரும்பப் போடலாம்' என்று நாளைக் கடத்தியவர்கள் உண்டு.

ஆனால் வக்கீல் என்பதற்காகவே மயங்க வேண்டாம். சொத்து வழக்குக்கு நடுவே வருடத்துக்கு நாலு விசா பார்க்கும் வக்கீலைவிட, தினமும் அதே வேலையைச் செய்யும் உரிமம் பெற்ற ஆலோசகர் சாதாரண விண்ணப்பத்துக்கு மேல்.

கம்பெனிகளின் கணக்கு வேறு. வருடத்துக்கு ஒருவரை மாற்றி அனுப்புவதற்குப் பெரிய சட்ட நிறுவனத்தோடு ஒப்பந்தம் வீண். ஆனால் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் ஸ்பான்சர் உரிமம் வைத்திருந்தால், விண்ணப்பத்தைவிட அதன் பிறகு வரும் கடமைகள்தான் காலை வாரும். பிரிட்டனில் ஆள் வேலைக்கு வராவிட்டால், பாதியில் நின்றால், 10 வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எச்.ஆர். மறந்தால் உரிமமே போகலாம். இதற்கு வருடம் முழுக்கக் கூட இருக்கும் ஆள்தான் தேவை, ஃபைல் போட்டுவிட்டுப் போகிறவர் அல்ல.

ஊழியர்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு. அமெரிக்க வேலை விசாவான எச்-1பி-க்குக் கம்பெனி போடும் மனுவின் வக்கீல் செலவு கம்பெனியுடையது, ஊழியர் தலையில் கட்டக் கூடாது. அந்த வக்கீல் பெரும்பாலும் இரு தரப்புக்கும் ஆஜராகிறார், காசு தருவது மட்டும் ஒரு தரப்பு. வேலை போனால் அடுத்த வழி பார்க்கக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். அந்த நேரத்தில் அவர் கம்பெனியின் வக்கீலாகத்தான் பேசுவார், உங்களுக்கு உங்கள் காசில் இன்னொருவர் வேண்டும். அவர் முதலில் கேட்பது ஐ-797 அனுமதிக் கடிதத்தின் நகல். வேலையில் இருக்கும்போதே வாங்கிச் சொந்த மெயிலில் போட்டு வையுங்கள். வேலை போன மறுநாள் ஆபீஸ் மெயில் திறக்காது.