இருபது நிமிடத்தில் ஓட்டிசம் ரிப்போர்ட் தருகிறோம் என்றால் போகாதீர்கள்

பிள்ளை கதைக்கப் பிந்துகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதில்லை என்ற கவலையோடு வன்னியில் இருக்கும் அம்மா அப்பாமாருக்காக இதை எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயதும் எட்டு மாதமும். முன்பள்ளி ரீச்சர்தான் முதலில் சொன்னார்: "அக்கா, இவன் மற்றப் பிள்ளையளோட சேருறானே இல்லை, ஒருக்காக் காட்டுங்கோ." அதே கிழமை கிளிநொச்சி டவுனில் ஒரு தனியார் நிலையத்தின் நோட்டீஸ் கைக்கு வந்தது. பேச்சு, சமூகத் திறன், ஓட்டிசம் (மற்ற ஆட்களோடு பழகுவதும் கதைப்பதும் வேறுவிதமாக இருக்கும் வளர்ச்சி நிலை) எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மதிப்பீடு, அன்றைக்கே ரிப்போர்ட் என்று போட்டிருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் நாள் இழுபடும் என்று பயந்து அங்கே கொண்டுபோனேன். மதிப்பீட்டுக்கு 15,000 ரூபாய்.

உள்ளே இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் 20 கேள்வி உள்ள தாளைத் தந்து, ஆம் இல்லை என்று புள்ளடி போடச் சொன்னார். பிறகு மகனை இருத்திப் படம் காட்டினார். பாண் படத்துக்கு "பாண்" என்றான். அட்டையில் "ரொட்டி" என்று இருந்தபடியால் பிழை. பனியில் செய்த பொம்மையின் படத்தைப் பார்த்துச் சும்மா இருந்தான். அதுவும் பிழை. சத்தத்தை வைத்தே வருகிறது சித்தப்பாவின் லான்ட்மாஸ்டரா பக்கத்து வீட்டுக்காரருடையதா என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை அவன். வீட்டில் என்ன செய்வான், எதோடு விளையாடுவான், எதைக் கண்டு சிரிப்பான் என்று ஒரு கேள்விகூட என்னிடம் கேட்கவில்லை.

பிறகு வயர் பூட்டிய தொப்பி ஒன்றைத் தலையில் போட்டார்கள். கத்தினான். கையைப் பிடியுங்கோ என்றார்கள், பிடித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது. கலரில் ஒரு மூளைப் படத்தை எடுத்து, சிவப்பாக இருந்த இடத்தைக் காட்டி, மொழி வளர்ச்சி 14 மாதம், சமூகத் திறன் 9 மாதம் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை. "2009இல் எங்கே இருந்தீங்கள்?" எனக்கு அப்போது 14 வயது. முள்ளிவாய்க்கால் என்றேன். "அந்தப் பயம்தான் பிள்ளையில இறங்கியிருக்கு" என்றார். அந்த நேரம் அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன். மூன்று மாத "மூளைப் பயிற்சி"க்கு 120,000 ரூபாய் கேட்டார்கள். காப்பை அடகு வைத்துக் கட்டினேன். மூன்று மாதம் முடிய அதே தொப்பியைப் போட்டு, 40 வீதம் முன்னேற்றம் என்று இன்னொரு கலர்ப்படம் தந்தார்கள். வீட்டில் ஒரு மாற்றமும் இல்லை. வெளிக்கிடப் பை எடுத்தாலே கட்டிலுக்குக் கீழே போய் ஒளிப்பான்.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். "ஏன் தங்கச்சி என்னட்டை முதலே சொல்லேல்லை?" என்று பேசினார். பிள்ளை பிறந்தபோது தந்த வளர்ச்சிப் பதிவேட்டைத் திறந்து, எந்த வயதில் என்ன செய்திருக்க வேண்டும் என்ற பக்கத்தைக் காட்டினார். அவர்தான் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து ஆஸ்பத்திரியில் குழந்தை வைத்திய நிபுணரின் கிளினிக், பிறகு பேச்சுச் சிகிச்சை. காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. காசு ஒரு சதமும் இல்லை.

முதலில் காது கேட்கிறதா என்று சோதித்தார்கள். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியதே அது, நிலையத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவனுக்குக் காது சரி. பிறகு பேச்சுச் சிகிச்சை மிஸ் என்னோடு நீண்ட நேரம் கதைத்தார். முதல் சொல் எப்போது, வந்த சொல் ஏதும் நின்றுபோனதா, தண்ணி வேண்டுமென்றால் என்ன செய்வான் என்று கேட்டார். என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் குடத்தில் வைப்பான் என்றேன். "தனக்கு வேணுமெண்டு இல்லாமல், சும்மா உங்களுக்குக் காட்டுறதுக்கு எதையாவது விரலால காட்டியிருக்கிறானா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒருநாளும் இல்லை.

பாயில் அவனோடு இருந்து சவர்க்காரக் குமிழி ஊதினார். இடையில் நிறுத்திவிட்டுப் பேசாமல் காத்திருந்தார். போத்தலைப் பார்க்கிறானா, தன் முகத்தைப் பார்க்கிறானா, இன்னும் ஊதச் சொல்லி ஏதாவது செய்கிறானா என்று பார்த்தார். பொம்மைக்குத் தேத்தண்ணி கொடுப்பது போலச் செய்துகாட்டி, அவனும் செய்கிறானா என்று கவனித்தார். அம்மம்மாவோடு வீட்டில் இருக்கும்போது வீடியோ எடுத்து வரச் சொன்னார். முன்பள்ளி ரீச்சரிடமும் எழுதி வாங்கினார். இரண்டு நாள் வரச்சொல்லிப் பார்த்த பிறகுதான், நிபுணரும் அவருமாக ஓட்டிசம் என்று சொன்னார்கள். அழுதேன்தான். ஆனால் இனி என்ன செய்வது என்று கையில் ஏதோ இருந்தது.

"தண்ணி வேணுமா?" என்று அவன் முழு வசனம் சொல்வான், அதை வைத்து நான் ஒரு காலம் நிம்மதியாக இருந்தேன். நாங்கள் கேட்கிற கேள்வியை அதே ராகத்தில் திருப்பிச் சொல்லித்தான் அவன் தண்ணி கேட்கிறான் என்று மிஸ் விளங்கப்படுத்தினார். எத்தனை சொல் தெரியும் என்று எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாதாம். அந்தச் சொல்லை ஆளிடம் எதற்காகப் பாவிக்கிறான் என்பதைப் பார்க்க வேண்டுமாம். இப்போது குடத்தடியில் "தண்ணி வேணும்" என்று அவன் பக்கத்திலிருந்து நான் சொல்லிக்காட்டுகிறேன். சில நாள் அவனும் சொல்கிறான்.

பழைய ரிப்போர்ட்டையும் காட்டினேன். அந்த 20 கேள்வி 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது, யாரை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று சலித்தெடுக்க மட்டும்தான், மகனின் வயதுக்குப் பொருந்தாது என்றார். ஓட்டிசத்தை இரத்தத்திலோ ஸ்கேனிலோ மூளை அலையிலோ கண்டுபிடிக்க முடியாது. அந்த வயர்த் தொப்பி போட்டு எடுக்கிற மூளை அலைப் பரிசோதனை வலிப்புச் சந்தேகம் இருந்தால் எடுப்பது. நான் யுத்தத்தில் பயந்ததாலோ வளர்த்த விதத்தாலோ இது வரவில்லை என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னபோதுதான் எனக்குக் காதில் ஏறியது.

காசைத் திருப்பிக் கேட்டுப் போனேன். பற்றுச்சீட்டில் "பயிற்சிக் கட்டணம்" என்று மட்டும்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் கையெழுத்துக்குக் கீழே "ஆலோசகர்" என்று இருந்ததே தவிர, பெயரும் இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. காப்பு இன்னும் அடகில்தான்.

இப்போது அந்த ஆட்கள் முல்லைத்தீவுப் பக்க முன்பள்ளிகளில் இலவச முகாம் என்று சனிக்கிழமைகளில் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நோட்டீஸ் வந்தால், பிள்ளையைக் கொண்டுபோக முதல், பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் போங்கள். மதிப்பீடு செய்கிறவரின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.