ரோம் - பார்சிலோனா ஆர்க்கிடெக்சர் ஸ்டடி டூர்: போயிட்டு வந்த காரைக்குடிக்காரி எழுதுறேன்

நம்ம பக்கம் பழைய வீடு ரிப்பேர் வேலை பாக்குறவங்க, ஆர்க்கிடெக்சர் படிக்கிற பிள்ளைக எல்லாம் கேட்டுக்கிட்டே இருக்காங்க, இவ்ளோ காசு கட்டி இந்த டூர் போகலாமான்னு. தாராளமா போகலாம், ஆனா டூர் நடத்துறவங்க குடுக்குற ஷெட்யூலை அப்படியே ஒத்துக்காதீங்க, பேசி மாத்திக்கங்க.

கூட வர்ற பேராசிரியர்தான் இந்த டூருக்கே உயிரு. ஃபோனை உள்ள வைக்கச் சொல்லிட்டு முதல்ல கையால வரையச் சொல்லுவாரு. ரோம்ல பாந்தியன் கோயில், 1900 வருஷம் பழசு, உள்ள குவிமாடம் 43 மீட்டருக்கு மேல அகலம், கம்பியே கிடையாது, சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் கலந்த கான்கிரீட்டுதான், கீழ கனமான கல்லு, மேல போகப் போக லேசான கல்லுன்னு பாத்துப் பாத்துக் கலந்திருக்காங்க. உச்சியில பெரிய வட்டமா திறந்தே கிடக்கு, மழை பெஞ்சா உள்ளதான் விழும். நான் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன், அவரு வந்து "ஏம்மா, முதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாரும்மா, அழகை அப்புறம் பாத்துக்கலாம்"னாரு. குனிஞ்சு பாத்தா தரை நடுவுல லேசா மேடு, கல்லுல சின்னச் சின்னதா ஓட்டை, தண்ணி அது வழியா இறங்கிடுது. நம்ம செட்டிநாட்டு வீட்டு வளவு முற்றத்துல மழை விழுறதைப் பாத்து வளந்த நமக்கு இதை யாரும் விளக்கவே வேணாம்.

பார்சிலோனால எனக்கு மனசு நிறைஞ்சது தரையில! கவுடிங்கிற ஆர்க்கிடெக்ட் டிசைன் பண்ண அறுகோண டைல்ஸ் கல்லு, அதை காஸா மிலா வீட்டுல பதிச்சிருக்காங்க, அதே டிசைனை வெளிய பெரிய ரோட்டு நடைபாதையிலயும் போட்டிருக்காங்க, ஒரு கல்லுல பாதி உருவம்தான் இருக்கும், ஏழு கல்லு சேந்தாத்தான் கடல்பாசி, நட்சத்திர மீனெல்லாம் முழுசா தெரியும். அந்த ஊருல கலர் சிமெண்ட்டை அச்சுல ஊத்தி பிரஸ்ல அழுத்தி எடுப்பாங்களாம், சூளையில சுடுறதில்ல. நம்ம ஆத்தங்குடி பூக்கல்லும் சுடுறதில்லதான், ஆனா நம்ம ஆளுக கண்ணாடி மேல அச்சை வச்சு, கலரை ஊத்தி, மேல உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, கலவையைப் போட்டு மட்டம் பண்ணி, தண்ணித் தொட்டியில ஊறப்போடுவாங்க, பிரஸ்ஸே இல்லாம அந்தப் பளபளப்பு கண்ணாடியிலேர்ந்தே வந்துடும். இதைச் சொன்னதும் குரூப்புல எல்லாரும் ஃபோட்டோ காட்டச் சொல்லி சுத்தி நின்னுட்டாங்க, அவ்ளோ பெருமையா இருந்துச்சு.

சக்ராடா ஃபமிலியா சர்ச் 1882ல ஆரம்பிச்ச வேலை, அங்க நேரம் போதுமான அளவு குடுத்தாங்க. குறை மாடர்ன் கட்டடத்துலதான். மீஸ் வான் டெர் ரோங்கிற ஆர்க்கிடெக்ட் 1929ல பார்சிலோனால கட்டின ஜெர்மன் பெவிலியன்ங்கிற கண்காட்சி மண்டபம், மறு வருஷமே பிரிச்சுட்டாங்க, 1986ல அதே இடத்துல திரும்பக் கட்டினது. கூரையைத் தாங்குறது எட்டு இரும்புத் தூணு, சுவரெல்லாம் இடத்தைப் பிரிக்க மட்டும்தான். தடிச்ச சுவர்லயே வீடு நிக்குற ஊருலேர்ந்து போன நமக்கு இது புரிய அரை நாளாவது வேணும், அவங்க அரை மணி நேரத்துல பஸ்ஸுக்குக் கூப்பிட்டாங்க. ரோம்ல ஸஹா ஹடித் கட்டின மாக்ஸி மியூசியத்துக்கு திங்கக்கிழமை கூட்டிட்டுப் போனாங்க, அன்னைக்கு அது லீவு. காசு வாங்குறவங்க இதைக்கூட பாக்க வேணாமா, எனக்கு ரொம்ப வருத்தம்.

சாப்பாடு பரவால்ல, ரூம் சுத்தம். விசா பேப்பரெல்லாம் அவங்களே சரியா பாத்துக் குடுத்தாங்க.

போறவங்க அதுக்கு முன்னாடி உங்க வீட்டையோ தெரிஞ்ச வீட்டையோ முகப்புலேர்ந்து மூணாங்கட்டு வரைக்கும் ஒரு தடவை டேப் வச்சு அளந்து வரைஞ்சுட்டுப் போங்க, அங்க பாக்குற ஒவ்வொண்ணும் ரெண்டு மடங்கு புரியும். டூர் நடத்துறவங்ககிட்ட நான் எழுதியே குடுத்திருக்கேன், ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு கொத்தனாரையோ ஆத்தங்குடி கல்லு போடுறவரையோ கட்டணம் இல்லாம கூட்டிட்டுப் போங்கன்னு. நம்ம வீடுகளைப் பிரிச்சு தூணையும் கதவையும் விலைக்குப் போடுறது நடந்துக்கிட்டே இருக்கு, மிச்சம் இருக்குற வீட்டை விழாம நிக்க வைக்கப் போறது இந்தக் கொத்தனாரு, கல்லு போடுறவங்க கைதான். நீங்களும் புக் பண்ணும்போது இதைக் கேளுங்க, நாலு பேரு கேட்டா செய்வாங்க.