கணுக்கால் ஜிபிஎஸ் பட்டை: இளையோர் கண்காணிப்புக்குத் தேறுமா?

நீதிமன்ற நிபந்தனையோடு வெளியே இருப்பவர்களுக்குக் கட்டும் கருவி இது. பட்டைக்குள் ஓடும் ஒளியிழையை வெட்டினால் உடனே எச்சரிக்கை போகும். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறது. தலைவலி பேட்டரிதான். தினமும் சுமார் 2 மணி நேரம், காலில் இருக்கும்போதே சார்ஜ் போட வேண்டும். மறந்தால் அதுவும் மீறலாகப் பதிவாகலாம். கான்கிரீட் கட்டடத்துக்குள் சிக்னல் தடுமாறி, வீட்டில் தூங்கும் பையனைத் தெருவில் நிற்பதாகக் காட்டும். வீட்டு பீக்கனையும் (ஆள் வீட்டுக்குள் இருப்பதை ரேடியோ சிக்னலால் உறுதிசெய்யும் சிறு கருவி) சேர்த்து வாங்கினால் இந்தப் பொய் எச்சரிக்கை நன்றாகக் குறையும். கட்டும்போது ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள், இல்லையென்றால் தோல் புண்ணாகிவிடும். மாலை வகுப்பு, வேலை நேரத்தை விசாரித்த பிறகே வீடடங்கும் நேரத்தை (வீட்டுக்குள் இருந்தே ஆக வேண்டிய நேரம்) பதியுங்கள். பள்ளியை விட்ட பையனைப் பெரும்பாலும் தப்பு வழிக்கு இழுப்பது கூட்டாளிகள். அவர்கள் யாரென்று திரையில் வராது. அதற்கு நேரில் உட்கார்ந்து பேசும் நன்னடத்தை அலுவலர் வேண்டும். ஆள் பற்றாக்குறையை இதை வைத்துச் சமாளிக்க நினைக்கும் துறைகள் வாங்க வேண்டாம்.