பிஐஎஸ் கேர் செயலி: மாற்றைச் சொல்லும், வந்த வழியைச் சொல்லாது

கோவை ராஜவீதிக்கு நகை வாங்கப் போகிறவர்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) இந்தச் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டே போகலாம். தூய்மையைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் தங்கம் சுங்கவரி கட்டி வந்ததா, குருவி, அதாவது கூலிக்குக் கடத்தி வருபவர், கொண்டுவந்ததா என்பது இதில் தெரியாது. பசைபோலக் குழைத்து பேஸ்டாகக் கடத்தி வந்தது பட்டறையில் உருகிக் கட்டியாகிவிட்டால் எல்லாம் ஒரே தங்கம்தான். நகைக்கு முத்திரையிடும் ஹால்மார்க் மையம் பார்ப்பது மாற்றை, அதாவது தூய்மையை மட்டுமே.

'வெரிஃபை எச்யுஐடி'யைத் தொட்டு, நகையில் 22 காரட்டைக் குறிக்கும் 22கே916 முத்திரையோடு இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீட்டை (அதுதான் எச்யுஐடி) அடியுங்கள். கடையின் பதிவு எண், முத்திரையிட்ட மையம், நகை வகை, தூய்மை எல்லாம் வரும். எழுத்து ரொம்பப் பொடிசு, கடையில் லென்ஸ் கேளுங்கள். கையில் வளையலும் திரையில் செயினும் இருந்தால் அது வேறு நகையின் எண். செயலியிலேயே புகார் கொடுக்கலாம். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு முத்திரை கட்டாயமில்லை, மூக்குத்தியில் தேட வேண்டாம்.

செயலி காட்டாததைப் பில் காட்டும். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். தங்கம் கிலோ ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். 2022 ஜூலையில் இறக்குமதி வரி 15 சதவீதமானது. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. இரண்டையும் கட்டாமல் கடத்துபவருக்குக் கிலோவுக்கு மிச்சம் 18.45 லட்சம். 2024 ஜூலையில் வரி 6 ஆனதும் மிச்சம் 9.18 லட்சமாகச் சுருங்கியது. பிடிபட்ட ஒரு கிலோவை ஈடுகட்ட முன்பு ஐந்தாறு கிலோ தப்பி வந்தால் போதும். 6 சதவீதத்தில் பதினொரு கிலோ வர வேண்டும். குருவிக் கூலியும் உருக்கும்போது ஆகும் சேதாரமும் தனி.

அந்த 9.18 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜிஎஸ்டி. பில் போட்டு விற்றால் அதைக் கட்டியே ஆக வேண்டும், கழித்துக்கொள்ளக் கொள்முதல் பில்லும் இருக்காது. ஆகவே பில் வேண்டாம், விலை மட்டும் எழுதித் தரும் 'எஸ்டிமேட் சீட்டே போதும்' என்று சொல்லும் வாடிக்கையாளர்தான் இந்த வியாபாரத்துக்கு உயிர் கொடுக்கிறார்.

பவுன் 80,000 என்றால் ஜிஎஸ்டி கட்டாததில் அந்த வாடிக்கையாளருக்கு மிச்சம் 2,400 ரூபாய். தூய்மை குறைந்திருந்தால் குறைவின் இரு மடங்கு இழப்பீடு கேட்க பிஐஎஸ் விதியில் இடமுண்டு. எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது? கடத்தல் தங்கம் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்தால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் சுங்கச் சட்டம் 123ஆம் பிரிவின்படி வைத்திருப்பவர் தலையில். நகை விவரம், நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் நான்கும் தனித்தனியாக இருக்கிற ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்குங்கள்.