நாலு பிக்கப் டிரக், இரண்டு லட்சம் மைல்: எது தாங்கும்?

ஒஹையோவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிக்கப் டிரக் ஒன்பது வருடமாக நிற்கிறது. எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. இந்த ஊரில் டிரக் என்பது கிட்டத்தட்டக் கட்சி மாதிரி. அப்பா ஃபோர்டு என்றால் பிள்ளையும் ஃபோர்டு. மாமனார் செவி (செவர்லேயின் செல்லப்பெயர்) என்றால் விருந்துச் சாப்பாட்டிலேயே உரசல் வரும்.

ஒரு பிப்ரவரி காலை. ரிவர்ஸ் எடுத்து, நிறுத்த பிரேக்கை மிதித்தேன். மிதி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரைக்கும் போனது. நல்லவேளை, பின்னால் பனிக்குவியல் இருந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால் வெள்ளைப் பனியில் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கோடு. பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயை, குளிர்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு தின்று ஓட்டை போட்டிருந்தது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ‘இந்தப் பெயர் உழைக்கும்’ என்று பத்துப் பேரிடம் விசாரித்து வாங்கியவன் நான். எந்த வருடம், எந்த இன்ஜின், எந்த ஊரில் ஓடியது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

இப்போது அடுத்த வண்டி பார்க்கிறேன், இரண்டு லட்சம் மைல் தாங்குகிற மாதிரி. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500 (ஜிஎம்சி சியரா இதன் இரட்டைப் பிறவி), ராம் 1500, டொயோட்டா டன்ட்ரா. முழு அளவு பிக்கப்பில் சந்தையில் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஏன் இத்தனை குறைவு என்றால், கதை கோழியில் தொடங்குகிறது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி போட, பதிலுக்கு அமெரிக்கா 1960-களில் இறக்குமதி டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை முடிந்தும் வரி போகவில்லை. டொயோட்டாவே டன்ட்ராவை டெக்சாஸின் சான் அன்டோனியோவில் தயாரிக்கிறது.

ஃபோர்டிலிருந்து தொடங்கலாம். எஃப்-150 அடங்கிய எஃப் வரிசைதான் 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக். அதிகம் விற்பதால் உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், எந்த மூலை மெக்கானிக்குக்கும் கை பழகியிருக்கும். ஆனால் ‘எஃப்-150 நல்ல வண்டி’ என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள். 2004-இல் வந்த 5.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போனால் பாதி பிளக் உடைந்து உள்ளேயே நின்றுவிடும். அதை எடுக்கவென்றே தனிக் கருவி விற்றார்கள். பிறகு 2017 முதல் 2020 வரையிலான 3.5 லிட்டர் டர்போவில், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் பேசர் இரண்டு விநாடி சரளைக்கல் டப்பாவைக் குலுக்கியதுபோல் சத்தம் போடும். அதே காலத்து 5.0 லிட்டர் வி8-களில் சில, ஆயிலைக் குடித்தன. கம்பெனி கொடுத்த தீர்வில் மென்பொருள் மாற்றத்தோடு குறைந்தபட்சக் கோடு கீழே இறங்கிய புது டிப்ஸ்டிக்கும் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஒன்று. காய்ச்சல் குறையவில்லை என்று தெர்மாமீட்டரை மாற்றியதுபோல என்று மெக்கானிக்குகள் இன்னும் சிரிக்கிறார்கள். பெயர் பெரிதாக இல்லாத 2.7 லிட்டர் டர்போதான் இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது. சின்ன இன்ஜின், ஆனால் சிலிண்டர் பிளாக் இரும்பு.

சில்வராடோவையும் ராமையும் தனித்தனியாகப் பேச வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே வியாதி. நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது எட்டு சிலிண்டரில் நான்கை அணைத்துவைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று இரண்டு கம்பெனிகளும் முடிவெடுத்தன. அதற்காக அந்த நான்கு சிலிண்டரின் வால்வுகளைத் தூக்கும் லிஃப்டருக்குள் சின்ன பூட்டு ஊசிகள் வைத்தார்கள். ஆயில் அழுத்தம் வந்தால் ஊசி உள்ளே போகும், லிஃப்டர் மடங்கிக்கொள்ளும், வால்வு திறக்காது. புதிதில் அழகாக வேலை செய்யும். ஆயில் மாற்றுவதில் சோம்பல் பட்டால், சில சமயம் படாவிட்டாலும், ஊசி சிக்கிக்கொள்ளும். லிஃப்டரின் உருளை சுழலாமல், அதைத் தள்ளும் கேம்ஷாஃப்ட்டின் மேல் தேய ஆரம்பித்தால் கதை முடிந்தது. இன்ஜினின் தலையைப் பிரித்துத்தான் சரிசெய்ய முடியும். செலவு ஆயிரக்கணக்கான டாலர். செவியின் 5.3 லிட்டரும் ராமின் 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினும் இந்த விஷயத்தில் பங்காளிகள்.

இத்தனை பாடுபட்டு மிச்சம் பிடித்தது எவ்வளவு? 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது செவியின் தாய்க் கம்பெனியான ஜிஎம் சில 5.3 லிட்டர் வண்டிகளை இந்தச் சிலிண்டர் அணைக்கும் வசதி இல்லாமலேயே அனுப்பியது. மைலேஜ் காலனுக்கு (ஏறக்குறைய 3.8 லிட்டர்) சுமார் ஒரு மைல்தான் குறைந்தது. ஒரே ஒரு மைல்! அந்த வருடத்து வண்டி கிடைத்தால் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

ஜிஎம்மின் பெரிய 6.2 லிட்டர் வி8 பக்கம் இப்போதைக்குப் போகமாட்டேன். 2021 முதல் 2024 வரையிலான வண்டிகளில் கிராங்க்‌ஷாஃப்ட், கனெக்டிங் ராடு கோளாறு என்று 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் (கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. சோதனையில் தேறிய வண்டிக்குக் கொஞ்சம் கெட்டியான ஆயிலை ஊற்றி அனுப்பினார்கள். மூன்று லிட்டர் டீசல் ஓட்ட அருமை, நல்ல மைலேஜ். ஆனால் அதன் ஆயில் பம்ப் ஒரு பெல்ட்டில் ஓடுகிறது, பெல்ட் இருப்பதோ இன்ஜினின் பின்பக்கம். முதலில் வந்த டீசல்களில் 1,50,000 மைலில் அதை மாற்றவேண்டும். மாற்ற கியர்பாக்ஸையே இறக்கவேண்டும். விற்பவர் 1,40,000-இல் விற்கிறார் என்றால் காரணம் உங்களுக்கே தெரியும்.

ராமுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். பின்பக்கம் பட்டை வில்லுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங். அதனால் காலி வண்டியிலும் முதுகு குலுங்காது. உள்ளே உட்கார்ந்தால் மற்ற மூன்றும் லாரியாகத் தெரியும். 2025-இல் ஹெமியைத் தூக்கிவிட்டு ஆறு சிலிண்டர் டர்போ வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் கொதித்ததும் 2026-க்கு ஹெமி திரும்ப வந்துவிட்டது. லிஃப்டர் பிரச்சினை உள்ள இன்ஜினுக்காகவா இத்தனை போராட்டம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த உறுமலைக் கேட்டவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

அப்புறம் டன்ட்ரா. லூசியானாவில் ஒருவர் 2007 மாடல் டன்ட்ராவை 10 லட்சம் மைல் ஓட்டினார். 2016-இல் டொயோட்டா அதை வாங்கிக்கொண்டு புது வண்டி கொடுத்தது. அந்தக் கதையைச் சொல்லாமல் டன்ட்ராவை விற்பவர் இல்லை. கதை உண்மை. ஆனால் அந்தப் புகழில் இன்றைய டன்ட்ராவுக்குப் பங்கு எவ்வளவு? 2007 முதல் 2021 வரை ஓடிய 5.7 லிட்டர் வி8 மாட்டுவண்டி மாதிரி எளிமையானது. டர்போ கிடையாது, சிலிண்டரை அணைக்கும் வேலையும் கிடையாது. குடிப்பது மட்டும் அதிகம். நகரத்தில் காலனுக்கு 13 மைல், அதாவது லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர். 2022-இல் அதை எடுத்துவிட்டு 3.4 லிட்டர் இரட்டை டர்போ வி6 வந்தது. 2024 மே மாதம் தொழிற்சாலையில் உலோகத் துகள்கள் இன்ஜினுக்குள்ளேயே தங்கிவிட்டன என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு ரீகால் அறிவித்து, இன்ஜினையே மாற்றிக் கொடுக்கவேண்டி வந்தது. தாத்தா சேர்த்த பெயரில் பேரன் கடன் வாங்கிய மாதிரி.

கியர்பாக்ஸை இரண்டு வரியில் முடிக்கிறேன். ராமின் எட்டு கியர் பெட்டி ஜெர்மனியின் இசட்எஃப் வடிவமைப்பு. நான்கில் அதுதான் சிறந்தது. ஃபோர்டின் பத்து கியர் ஆரம்ப வருடங்களில் முட்டி முட்டி மாறும், செவியின் பழைய எட்டு கியர் நடுங்கும் (அதில் பலவற்றுக்கு ஆயில் வகையை மாற்றியதும் சரியானது).

துருவுக்கு வருகிறேன், என் பழைய பகையாளி. எஃப்-150-க்கு 2015 முதல் உடம்பு அலுமினியம். சக்கர வளைவில் ஓட்டை விழாது. ஆனால் அடியில் சேசிஸ் இரும்புதான், என்னைக் கவிழ்த்த பிரேக் குழாய் மாதிரியான சமாச்சாரமெல்லாம் அங்கேயும் உண்டு. மில்லியன் மைல் டொயோட்டாவின் பெரிய தலைகுனிவும் சேசிஸில்தான்: 2000–2003 டன்ட்ராக்களில் பின்பக்கக் குறுக்குச் சட்டம் துருப்பிடித்து ஸ்டெப்னி சாலையில் விழலாம் என்று 2009-இல் ரீகால். சாலை உப்பை அதிகம் காணாத டெக்சாஸில் ஓடிய வண்டிக்கு இதெல்லாம் வேறு கிரகத்துச் செய்தி. எங்கள் ஊர் மாதிரிப் பனி கொட்டும் மிச்சிகனில் ஓடியதற்கு இதுதான் முதல் கேள்வி. நான் இப்போது ஒவ்வொரு அக்டோபரிலும் அடிப்பாகத்துக்கு கம்பளிக் கொழுப்பு கலந்த எண்ணெயை அடிக்கிறேன். ஒரு வாரம் வாசலில் ஆட்டுமந்தை நின்ற வாசம். மனைவிக்குப் பிடிக்காது, சேசிஸுக்குப் பிடிக்கும்.

சரி, பணம். வருடம் 12,000 மைல் ஓட்டினால், காலனுக்கு 15 மைல் தரும் பழைய டன்ட்ரா 800 காலன் குடிக்கும். 20 மைல் தரும் 2.7 டர்போ 600. காலன் 3 டாலர் என்று வைத்தால் வித்தியாசம் வருடத்துக்கு 600 டாலர், பத்து வருடத்தில் 6,000. ஏறக்குறைய ஒரு பெரிய இன்ஜின் வேலையின் செலவு. பெட்ரோல் பங்கில் தவணையில் கட்டுவதா, மெக்கானிக்கிடம் ஒரே நாளில் கட்டுவதா என்பது அவரவர் சுபாவம். நான் தவணைக்காரன். வாரம் ஒருமுறை டிரெய்லர் இழுத்து, பத்து வருடம் வைத்திருக்கப்போகிற என் மாதிரி ஆளுக்கு, தெற்கு மாநிலத்தில் ஓடிய 2018–2021 டன்ட்ரா. அது கிடைக்காவிட்டால் அல்லது விலை கட்டாவிட்டால் 2.7 எஃப்-150. ஐந்து வருடத்தில் விற்றுவிடுகிறவர் தாராளமாக ராம் வாங்கி வாரண்டி முடியும்வரை சுகமாக ஓட்டலாம்.

எதை வாங்கினாலும், பார்க்கப் போகும்போது விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை கிளப்ப வேண்டாம் என்று. போனதும் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். சில்லென்றிருந்தால் அவரைக் கிளப்பச் சொல்லிவிட்டு முன்சக்கரத்தின் பக்கம் காதைக் கொடுத்து நில்லுங்கள். டிக் டிக் என்று கேட்டு, இன்ஜின் சூடானதும் அடங்கினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு போல்ட் உடைந்திருக்கும். விலையில் சில நூறு டாலர் குறைத்துப் பேசலாம். சூடான பிறகும் அதே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் லிஃப்டர். நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.